குன்னூரில் ஒரு பல்சக்கரம்

நவம்பர் 21, வெள்ளி: மேட்டுப்பாளையம், குன்னூர்

ஹில்குரோ நிலையத்துக்குக் கீழே ரயில் பாதையில் மண் சரிந்துவிட்டதாம். இன்றைக்கு மலை ரயில் இல்லை. காலை ஆறரை மணிக்கு மேட்டுப்பாளையம் நிலையத்தில் இதைச் சொன்ன ஊழியரின் முகத்தில் வருத்தமும் இல்லை, வியப்பும் இல்லை. கார்த்திகை மழையில் 7.10 வண்டிக்கு டிக்கெட் எடுப்பவர்கள் அரை மனத்தோடுதான் எடுக்க வேண்டும் போலிருக்கிறது. எனக்குப் பின்னால் நின்ற சிறுவன் ஓவென்று அழுதான். அவனுடைய தாத்தா, "என்ஜினை யாராவது தூக்கிக்கொண்டா போய்விட்டார்கள்? இன்னொரு நாள் வரலாம், வா" என்று இழுத்துக்கொண்டு போனார்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே பொங்கல், வடை, காபி. 85 ரூபாய். பொங்கலில் மிளகைக் கடித்தால்தான் காரம் தெரியும். இங்கே கரண்டியிலேயே தெரிந்தது. மழைக்கு நன்றாக இருந்தது.

கல்லாறு சோதனைச் சாவடியில் பஸ்ஸுக்குள் ஏறிய பெண் ஒருவர், பைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து என் தண்ணீர் பாட்டிலை வாங்கிக்கொண்டார். நீலகிரிக்குள் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு இடமில்லை என்பது தெரிந்த கதைதான், ஆனால் அவசரத்தில் யாருக்கு நினைவிருக்கிறது? "மேலே குழாயில் பிடித்துக் குடிக்கலாம், கோபித்துக்கொள்ளாதீர்கள்" என்றார். அந்தப் பணிவுக்காகவே இன்னொரு பாட்டில் கொடுத்திருப்பேன். வெளியே கார்க்காரர்கள் இ-பாஸைக் காட்டுவதற்காக வரிசையில் நனைந்துகொண்டிருந்தார்கள். 2024 மே மாதம் முதல் நீதிமன்ற உத்தரவுப்படி வந்த ஏற்பாடு. பஸ்ஸில் வருபவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

பக்கத்து இருக்கையில் காரமடைக்காரர் ஒருவர். பர்லியார் வருவதற்குள் என் ஊர், படிப்பு, திருமணம் மூன்றையும் விசாரித்து முடித்துவிட்டு, "என்ன வேலை அம்மணி?" என்றார்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. கோவையில் உலோகத்தை அச்சடிக்கும் கூடம் ஒன்றில் நான் பில்ட் இன்ஜினியர். கோலமாவு போன்ற உலோகப் பொடியை 40 மைக்ரான், அதாவது 0.04 மில்லிமீட்டர், கனத்துக்குப் பரப்பி, வேண்டிய இடத்தை மட்டும் லேசரால் உருக்கி, மறுபடி பரப்பி, மறுபடி உருக்கி, இப்படியே பல ஆயிரம் அடுக்கு ஏற்றினால் ஒரு பொருள் கிடைக்கும். வரைபடத்தை வாடிக்கையாளர் தருவார். அந்தப் பொருளைத் தட்டின் மேல் படுக்க வைப்பதா, நிறுத்தி வைப்பதா, எந்தப் பக்கம் சாய்ப்பது, எங்கெங்கே முட்டுக் கொடுப்பது என்பதெல்லாம் என் பொறுப்பு. இயந்திரம் ஓடத் தொடங்கிய பிறகு செய்வதற்கு அதிகம் இல்லை. தொடங்குவதற்கு முன்பே முக்கால்வாசி வேலை முடிந்திருக்க வேண்டும்.

பெரியவர் நம்பவில்லை. இஸ்ரோவின் கதையைச் சொன்னேன். பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நான்காம் கட்ட என்ஜினை இப்படி அச்சடித்து 2024 மே 9 அன்று 665 விநாடி எரியவிட்டுப் பார்த்தார்கள். முன்பு 14 பாகங்களாகச் செய்தது இப்போது ஒரே பாகம். 565 கிலோ உலோகத்திலிருந்து குடைந்தெடுத்த இடத்தில் 13.7 கிலோ பொடி போதுமானதாகிவிட்டது. 19 வெல்டிங் இணைப்புகள் இல்லாமலே போயின.

ராக்கெட்டையும் கிலோ கணக்கையும் விட்டுவிட்டு அவர் கேட்டது இதுதான்: "அந்தப் பத்தொன்பது வெல்டிங்கையும் போட்டுக்கொண்டிருந்தவன் இப்போது என்ன செய்கிறான்?"

எங்கள் தொழிலைப் பற்றி நடக்கும் கருத்தரங்குகளில் இந்தக் கேள்வி என் காதில் விழுந்ததே இல்லை. என்னிடமும் பதில் இல்லை. அச்சடித்த பொருளைத் தட்டிலிருந்து அறுப்பதற்கும், முட்டுகளை உடைத்து ராவுவதற்கும் கை தேர்ந்த ஆட்கள் வேண்டும் என்றேன். "அது வேறு ஆள்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சரிதானே.

மாலையில் மழை விட்டதும் குன்னூர் நிலையத்துக்குப் போனேன். வண்டி ஓடாத நாளில் என்ஜினைப் பார்க்கலாம் என்ற கணக்கு பொய்க்கவில்லை. கொட்டகை வாசலில் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஸ்விட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் பிறந்த 'எக்ஸ்' வகை. ஒவ்வொரு பக்கமும் ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு உருளைகள். கீழ் உருளைக்குப் போகும் நீராவி சாதாரணச் சக்கரங்களைச் சுழற்றிவிட்டு, அழுத்தம் குறைந்த பிறகு மேல் உருளைக்குப் போய்ப் பல்சக்கரத்தைச் சுழற்றும். ஒரே நீராவிக்கு இரண்டு வேலை. 1899-இல் குன்னூருக்கும் 1908-இல் உதகைக்கும் வந்த பாதையில், கல்லாறு முதல் குன்னூர் வரை சில இடங்களில் 12 அடி போனால் ஒரு அடி ஏற வேண்டும். தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த பல்பட்டையைப் பிடித்து வழுக்காமல் ஏற்றுவது அந்தப் பல்சக்கரம்தான்.

வேலிக்கு அப்பால் பழைய பல்பட்டைத் துண்டு ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. ஏறக்குறைய மண்டியிட்டுப் பார்த்தேன். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பட்டைகள். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதற்குப் பள்ளம். ஒரு பட்டையில் பல் விடுபடும் நேரத்தில் மற்றது பிடித்துக்கொண்டிருக்கும். ஆப்ட் என்ற பொறியாளர் வகுத்த முறை. எங்கள் லேசரும் ஒவ்வோர் அடுக்கிலும் கோடு போடும் திசையை 67 டிகிரி திருப்பிக்கொள்ளும். ஒரு கோட்டின் மேல் அதே கோடு விழுந்தால் பலவீனம் ஓரிடத்தில் சேர்ந்துவிடும் என்ற அதே கவலை. கொட்டகைக்காரர் என்னைச் சந்தேகமாகப் பார்க்கத் தொடங்கியதும் எழுந்துவிட்டேன்.

கால் கிலோ வர்க்கி 70 ரூபாய். அறைக்கு வருவதற்குள் பாதி தீர்ந்துவிட்டது.

நவம்பர் 22, சனி: தேயிலைத் தொழிற்சாலை, கோத்தகிரி சாலை

நான் மலையேறி வந்த காரணத்தை இன்னும் சொல்லவில்லை. கல்லூரித் தோழி ஒருத்தியின் மாமா இங்கே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் மேலாளர். பழைய உருட்டு இயந்திரம் ஒன்றில் பல்சக்கரம் உடைந்துவிட்டது, செய்த கம்பெனி எப்போதோ மறைந்துபோனது, "உங்கள் மெஷினில் அச்சடித்துக் கொடுத்துவிடலாமே" என்று கூப்பிட்டிருந்தார்.

உள்ளே நுழைந்ததும் மணம். இரவெல்லாம் தொட்டியில் காற்று வாங்கி வாடிய இலையின் மணத்துக்குப் பச்சை ஆப்பிள், ஈரப்புல் இரண்டிலும் பங்கு உண்டு. அதைத் தாண்டினால் இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டித் தூளாக்கும் சி.டி.சி. இயந்திர வரிசையின் இரைச்சல். பல் வெட்டிய இரண்டு உருளைகள் எதிரெதிராகச் சுழல்கின்றன. ஒன்று மற்றதைவிடப் பத்து மடங்கு வேகம். இலை நடுவில் அகப்பட்டு நசுங்கிக் கிழிந்து சுருண்டு பச்சைக் குருணையாக விழுகிறது. பற்கள் மழுங்கியதும் கழற்றிச் சாணை பிடித்து மறுபடி மாட்டுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் உருளை கொஞ்சம் இளைக்கும். மூலையில் அந்த வேலைதான் நடந்துகொண்டிருந்தது. ஃபிட்டர் ஒருவர் பல்லின் விளிம்பைக் கட்டைவிரல் நகத்தில் வைத்து மெல்ல இழுத்தார். நகத்தில் வெள்ளைச் சுரண்டல் விழுந்தால் கூர் சரி. வழுக்கினால் மறுபடி சாணைக்கல். அவருடைய இடக் கட்டைவிரல் நகம் முழுக்க வரிகள்.

"இந்த உருளைப் பல்லை அச்சடிக்க முடியுமா, மேடம்?" என்று மேலாளர் தொடங்கினார். முடியும், ஆனால் வேண்டாம் என்றேன். துருப்பிடிக்காத எஃகு வளையங்களைத் தண்டில் கோத்துப் பல் வெட்டுவது மலிவு, பழகிய வேலை, பழுதானால் வளையத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். எங்களிடம் வந்தால் பல மடங்கு செலவாகும், கூடவே காத்திருக்கவும் வேண்டும். அவருக்கு ஏமாற்றம். வேலை தேடி வந்தவள் வேலையை வேண்டாம் என்கிறாளே என்ற பார்வை.

அடுத்து உடைந்த சக்கரத்தைக் கொண்டுவந்து போட்டார்கள். வார்ப்பிரும்பு. மாமூல் சி.டி.சி. தூளுக்கு விலை இல்லாததால் கொஞ்சம் முழு இலைத் தேயிலை செய்து நல்ல விலைக்கு விற்கலாம் என்று கொட்டகையில் கிடந்த பழைய இயந்திரத்தைத் தூசி தட்டியிருக்கிறார்கள். நான்காம் நாளே மூன்று பற்கள் போயின. அளந்தேன். விட்டம் 310 மில்லிமீட்டர், அகலம் 40.

எங்கள் இயந்திரத்தின் தட்டு 250-க்கு 250. உயரம் 325.

"நுழையாது" என்றேன். சுற்றி நின்ற கூட்டம் கலையத் தொடங்கியது. ஃபிட்டர் மட்டும் நகரவில்லை. சாக்பீஸை எடுத்துத் தரையில் சதுரம் போட்டார். மூலைக்கு மூலை ஒரு கோடு. "படுக்கப் போட்டால்தானே நுழையாது? நிறுத்தி, குறுக்கே வைத்தால்?"

மூலைவிட்டம் 353 வரும். சக்கரத்தின் விட்டத்தோடு அகலத்தையும் கூட்டினால் 350. மூன்று மில்லிமீட்டர் மிச்சம்! உயரமும் போதும். ஒரு நிமிடம் எனக்கே உற்சாகம் வந்துவிட்டது. ஆனால் தட்டின் நான்கு மூலையிலும் அதைப் பிடித்திருக்கும் திருகாணிகள் இருக்கின்றன. கணக்கில் நுழைகிறது, தட்டில் நுழையாது. நுழைந்ததாகவே வைத்துக்கொண்டாலும் 310 மில்லிமீட்டரை 40 மைக்ரானால் வகுத்தால் 7,750 அடுக்கு. ஒவ்வொரு தடவையும் பொடி பரப்பப் பத்து விநாடி என்றால் பரப்புவதற்கு மட்டுமே இருபத்தோரு மணி நேரத்துக்கு மேல். லேசருக்கான நேரம் தனி. தவிர, சக்கரத்தின் அடிவயிற்றுக்கு முட்டு வேண்டும். முட்டு ஒட்டிய பற்கள் சொரசொரப்பாக வரும். அதைக் கடைந்து சரிசெய்ய மறுபடி ஒரு பட்டறைக்குப் போக வேண்டும்.

"அப்படியென்றால் கோவையில் வார்க்கிறவனிடமே போய்விடலாமே" என்றார் ஃபிட்டர். நானும் அதைத்தான் சொல்ல வந்தேன். முதல் ஆளாக அவர் சொன்னதில் எனக்குக் கொஞ்சம் சங்கடம்தான். சக்கரத்தை நானே எடுத்துப் போய் விசாரிப்பதாக ஒப்புக்கொண்டேன். சாக்கில் கட்டிக் கொடுத்தார்கள். பன்னிரண்டு கிலோவுக்குக் குறையாது.

இரவு தோழியின் ஊரில் தங்கல். படகர் ஹட்டி, வரிசையாக ஒட்டிய வீடுகள், முன்னால் பொதுத் திண்ணை போல நீண்ட முற்றம். தோழியின் அம்மா அவரை உதக்க என்ற குழம்பும் சோறும் போட்டார். அவரைக்கொட்டை வெண்ணெயாகக் கரைகிறது. போதும் என்று கையை மறித்தால் அதைப் பசி என்று எடுத்துக்கொள்ளும் ஊர். தோழியின் அப்பா பச்சை இலை விலையைப் பற்றிப் பேசத் தொடங்கி, கோபம் வந்து, பாதியில் நிறுத்திவிட்டு ரேடியோவைப் போட்டார்.

எல்லாமே ஈரம். தலையணை ஈரம், தீப்பெட்டி ஈரம், காலையில் துவைத்துப் போட்ட சட்டை துவைத்தபோது இருந்ததைவிட ஈரம். எங்கள் கூடத்தை இங்கே கொண்டுவந்தால் ஒரு வாரம் தாங்காது என்று நினைத்துக்கொண்டேன். பொடி ஈரம் குடித்தால் கட்டி கட்டியாகும், சீராகப் பரவாது. அலுமினியப் பொடியாக இருந்தால் ஈரத்திலிருந்து வரும் ஹைட்ரஜன் உள்ளே நுண்துளைகளாகத் தங்கிவிடும்.

அந்த நினைப்போடு படுத்தவளை ஒன்பதரைக்கு செல்பேசி எழுப்பியது. இரவுப் பணியிலிருக்கும் தம்பி. வெள்ளிக்கிழமை காலையில் தொடங்கிய பில்ட், அதாவது ஒரு தட்டு அச்சு வேலை: இன்கோனல் 718 என்ற நிக்கல் உலோகக்கலவை, ஒரே தட்டில் ஒன்பது உருப்படிகள். அவற்றில் மெல்லிய விளிம்புள்ள ஒன்றின் ஓரம் மேலே தூக்குகிறது, பொடி பரப்பும் கத்தி உரசிச் சத்தம் வருகிறது என்றான். சிக்னல் வீட்டுக்குள் இல்லை. முற்றத்தின் கோடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால் ஒரு கோடு. குடையோடு அங்கே ஓடினேன். படம் வர நான்கு நிமிடம்.

உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கும். கீழடுக்கு பிடித்து வைத்திருப்பதால் இழுவிசை உள்ளேயே தங்கி, இடம் கிடைத்த பக்கம் மேலே வளைக்கும். அந்த உருப்படியை நாற்பத்தைந்து டிகிரி சாய்த்து வைக்கலாம் என்று நாங்கள் சொன்னோம். ஒரு முகம் மழமழவென்று வர வேண்டும், படுக்கத்தான் வைக்க வேண்டும் என்று வாடிக்கையாளர் எழுத்தில் பிடிவாதம் பிடித்தார். இப்போது முட்டு பிய்ந்து கத்தியில் இடிக்கிறது. இயந்திரத்தை நிறுத்தினால் தட்டு ஆறி, மறுபடி தொடங்கும் அடுக்கில் எல்லா உருப்படிகளிலும் ஒரு கோடு விழும். அந்தக் கோட்டைப் பார்த்தால் தர ஆய்வில் ஒன்பதுமே போகும். நிறுத்தாவிட்டால் கத்தி சேதமாகி மற்ற எட்டையும் கீறும்.

"அந்த ஒன்றை மட்டும் அணைத்துவிடு" என்றேன். மென்பொருளில் ஒரு உருப்படியை மட்டும் விலக்கலாம். அடுத்த அடுக்கிலிருந்து லேசர் அதைத் தொடாது. மேலே பொடி மூடிக்கொண்டே போகும். "அக்கா, உறுதியாகவா? பாதிக்கு மேல் முடிந்துவிட்டதே" என்று தயங்கினான். உறுதியாகத்தான். வாடிக்கையாளருக்கு நான் பேசிக்கொள்கிறேன் என்றேன். பத்து அடுக்கு கழித்து சத்தம் இல்லை என்று செய்தி வந்தது. அதுவரை தொட்டிக்குப் பக்கத்திலேயே நின்றதில் கணுக்காலில் ஒரு அட்டை ஏறியிருந்தது. தோழியின் அம்மா உப்பை வைத்து எடுத்துவிட்டு, "சனிக்கிழமை ராத்திரிகூட விடமாட்டார்களா உன் கம்பெனியில்?" என்றார்.

நவம்பர் 23, ஞாயிறு: உதகை, முத்தோரை

வெயில்! மூன்று மணி நேரம்தான் என்றாலும் வெயில்.

உதகை நகரத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஏரிப் பக்கம் கூட்டம், சோளக்கதிர் 50 ரூபாய், அதைவிடக் குதிரைக்காரர்களின் விரட்டல். நேராக முத்தோரைக்குப் போய்விட்டேன்.

டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ரேடியோ தொலைநோக்கி 1970-இலிருந்து அங்கே ஒரு சரிவில் படுத்திருக்கிறது. முன் அனுமதி இல்லாததால் சாலையிலிருந்துதான் பார்த்தேன், அதுவே போதும். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். 24 வளைந்த சட்டங்கள், அவற்றின் குறுக்கே நீளவாக்கில் 1,100 துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள். வெயில் பட்ட கோணத்தில் கம்பிகள் தெரிந்தன. மேகம் வந்ததும் சட்டங்கள் மட்டும் நின்றன.

வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப்பும் அவர் குழுவும் இந்த மலையைத் தேடிப் பிடித்ததற்குக் காரணம் சரிவு. இந்த இடம் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 11 டிகிரி. மலைச்சரிவும் வடக்கு தெற்காக ஏறக்குறைய 11 டிகிரி. ஆகவே சரிவின் மேல் தொலைநோக்கியை அப்படியே கிடத்தினாலே அதன் நீள அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாகிவிடுகிறது. அந்த ஒரே அச்சில் மெல்லத் திருப்பிக்கொண்டே போனால் ஒரு வானப் பொருளை ஒன்பதரை மணி நேரம் தொடரலாம். சமதரையில் இதைச் செய்ய வேண்டுமென்றால் அரை கிலோமீட்டர் நீளத்தைத் தூக்கி நிறுத்த எத்தனை டன் எஃகு ஆகியிருக்கும்! முட்டே இல்லாமல் இவ்வளவு பெரிய பொருளை வைத்துவிட்டார்கள். பொறாமையாக இருந்தது. நான் ஒரு சாண் உருப்படிக்கு முட்டுக் குறைக்க இரண்டு நாள் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

சாலையோரம் கேரட் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த ஒருவர், "சினிமா ஷூட்டிங் இடம் பார்க்கிறீர்களா?" என்று கேட்டார். இல்லை, தொலைநோக்கியைப் பார்க்கிறேன் என்றதும், "அதுவா, அது எங்கள் தாத்தா காலத்திலிருந்து இருக்கிறது" என்று சொல்லி நான்கு கேரட்டைக் கையில் திணித்தார். கழுவிய கேரட். இங்கே பள்ளத்தாக்குகளில் கேரட் கழுவுவதற்கென்றே சுழலும் பீப்பாய்கள் இருக்கின்றன. காசு வாங்க மறுத்துவிட்டார். பஸ் வருவதற்குள் நான்கும் காலி.

நவம்பர் 24, திங்கள்: கோத்தகிரி, கோவை

கோத்தகிரி பஸ்ஸில் நடத்துநர் சாக்கை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார், தூக்க முடியவில்லை. "உள்ளே என்ன?" சக்கரம் என்றேன். "எந்த வண்டிச் சக்கரம்?" தேயிலைச் சக்கரம் என்றேன். லக்கேஜ் டிக்கெட் போட்டார். முன் இருக்கைப் பாட்டி சாக்கின் மேல் காலை வைத்துக்கொண்டு மேட்டுப்பாளையம் வரை நிம்மதியாகத் தூங்கினார். வளைவில் அது உருளாமல் இருந்தது அவர் புண்ணியத்தில்தான்.

பகல் ஒரு மணிக்குக் கூடத்துக்குள் நுழைந்தேன். பொடியை உறிஞ்சி எடுத்துத் தட்டை வெளியே வைத்திருந்தார்கள். எட்டும் நன்றாக இருக்கின்றன. ஒன்பதாவது பாதி உயரத்துக்கு மேல் கொஞ்சம் வரை வளர்ந்து நின்றுவிட்டது. தட்டோடு சேர்த்து உலையில் வைத்து இழுவிசை போக்கிய பிறகுதான் அறுப்போம். வாடிக்கையாளரிடம் பேசினேன். அடுத்த முறை சாய்த்தே வைக்கலாம் என்றார், ஏதோ அவரே கண்டுபிடித்த யோசனை போல.

சாயங்காலம் சக்கரத்தோடு கணபதி பக்கம் ஒரு வார்ப்படப் பட்டறை. அச்சு செய்பவர் அறுபது வயதிருக்கும். சாக்கை அவிழ்த்து, மிஞ்சிய பற்களை எண்ணி, உடைந்த இடத்தை விரலால் தடவினார். வார்ப்பதற்கான மாதிரியை வேண்டுமானால் எங்கள் பிளாஸ்டிக் பிரிண்டரில் அடித்துத் தருகிறேன் என்றேன். "எதற்கு? மரத்தில் நானே கடைந்துவிடுவேன்" என்று சொல்லி, சுவரில் மாட்டியிருந்த சுருக்க அளவுகோலை எடுத்தார். வார்ப்பிரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒன்று சுருங்கும். அதைச் சேர்த்தே அந்த அளவுகோலில் கோடுகள் போட்டிருக்கும். 310-ஐ அதில் குறித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

மூன்று வாரம் ஆகும், பாதிப் பணம் முன்னால் வேண்டும் என்றார். தேயிலைக்காரரை அழைத்து இருவரையும் பேசவிட்டேன். இரண்டு வாரத்துக்கு இறங்கியிருக்கிறது. பணத்தில் இன்னும் பேரம் நடக்கிறது.